பன்னிரண்டு நாற்காலிக்கு இத்தனை பேரா?

அன்புள்ள சார்,

‘கம் ஃப்ரம் அவே’ இசை நாடகத்தைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆப்பிள் டிவியில் இருக்கும் அதன் மேடைப் பதிவையும் பார்த்தேன். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளியை மூடியதும், 38 விமானங்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள கேண்டர் என்ற சிற்றூரில் இறங்குகின்றன. ஊரின் மக்கள்தொகை சுமார் 9,000. வந்து இறங்கியவர்கள் ஏறக்குறைய 7,000 பேர். அத்தனை பேருக்கும் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்த கதை. அழுதுவிட்டேன், மறைக்கவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். ‘படைப்புக் குழு’ என்று உங்கள் குறிப்பில் நான்கைந்து இடத்தில் போட்டிருந்தீர்கள். கதை, பாட்டு, இசை எழுதியது இரண்டு பேர், சரி. இயக்குநர், சரி. அப்புறம் அரங்க அமைப்பு, உடை, ஒளி, ஒலி, நடன அமைப்பு, இசை மேற்பார்வை, வாத்தியக் கோர்ப்பு என்று பட்டியல் நீள்கிறதே? மேடையில் இருந்தது பன்னிரண்டு நாற்காலி. உடை என்று பார்த்தால் நம் வீட்டுக் கொடியில் காய்கிற சட்டை. நடனம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துக் கூத்தில் வாத்தியார் ஒருவரே பாட்டு எடுத்துக் கொடுப்பார், அடவு சொல்லித் தருவார், வேஷமும் கட்டுவார். ஆட்டம் விடிய விடிய நடக்கும். நூறு நிமிஷ நாடகத்துக்கு இத்தனை பேர் எதற்கு? காசு இருக்கிற இடத்தில் பெயர் போட்டுக்கொள்ளும் வழக்கம்தானே இது?

கே., செய்யாறு

*

அன்புள்ள கே.,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசு போட்டவர்களின் பெயர்கள் தயாரிப்பாளர்கள் என்று தனியாக வரும். அதில் கொஞ்சம் நீங்கள் சொல்கிற வழக்கமும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. படைப்புக் குழு என்பது வேறு. பணமும் போடாமல் மேடையிலும் ஏறாமல், ஒத்திகை அறையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்.

நடனம் இல்லையே என்கிறீர்கள். கெல்லி டெவைன் என்பவரின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்குக் கொடுத்திருக்கும் பட்டம் ‘மியூசிக்கல் ஸ்டேஜிங்’. நடன அமைப்பு என்று அவர்களே போடவில்லை. நீங்கள் கவனித்ததைத்தான் அவர்களும் அந்தப் பெயரில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கேண்டர் ஊர்க்காரர்கள் ஆடுகிறவர்கள் இல்லை. நடப்பார்கள், பெட்டி தூக்குவார்கள், தரையை ஓங்கி மிதிப்பார்கள். அந்த மிதியைத் தாளத்துக்குள் கொண்டுவருவதுதான் அவருடைய வேலை. இன்னொரு தடவை பார்க்க வாய்த்தால் நாற்காலிகளை மட்டும் பாருங்கள். பாட்டு நடந்துகொண்டிருக்கும். நடிகர் ஒருவர் பேசியபடியே எழுந்து, தன் நாற்காலியை ஒரு கையால் திருப்பி வைத்துவிட்டுப் போவார். அடுத்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதில் உட்காருவார். எட்டு மாத்திரைக்குள் விமானம் பேருந்தாகிவிடும், பேருந்து காபிக் கடையாகிவிடும். யாராவது ஒருவர் அரையடி தள்ளி வைத்தால் அடுத்தவர் தரையில் விழுவார். 2019-இல் லண்டனில் இதே வேலைக்காகச் சிறந்த நடன அமைப்புக்கான ஒலிவியர் விருதை (அங்கே நாடகத்துக்குக் கொடுக்கும் பெரிய விருது) அவருக்குக் கொடுத்தார்கள். நடனம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லாத நாடகத்துக்கு!

பியோவுல்ஃப் போரிட் அமைத்த அரங்கில் பின்னால் ஒரு பலகைச் சுவர், ஓரங்களில் மரங்கள். அவ்வளவுதான். ஒரு விமானத்தையும் கண்ணில் காட்டவில்லை. அப்படியானால் விமானத்துக்குள் அடைபட்ட புழுக்கத்தை உங்களுக்குக் காட்டியது யார்? வெளிச்சம். ஹோவெல் பிங்க்ளி விளக்கைக் குறுக்கி, நாற்காலி வரிசைக்கு வெளியே இருட்டை வைத்தார். கதவு திறக்கும்போது மேடை முழுக்க வெளிச்சம் விரிகிறது. மூச்சு விட முடிகிறது இல்லையா? ‘ஹாமில்டன்’ நாடகத்துக்கும் அவர்தான் ஒளி. 2020 ஆகஸ்டில் இறந்துவிட்டார். நீங்கள் பார்த்த பதிவை 2021 மே மாதம் எடுத்தார்கள். அந்த விளக்குகள் அவர் போட்டுவைத்த கணக்குப்படி எரிந்துகொண்டிருந்தன.

கொடியில் காய்கிற சட்டை என்று நீங்கள் எழுதியது டோனி-லெஸ்லி ஜேம்ஸ் காதில் விழுந்தால் சந்தோஷப்படுவார். பன்னிரண்டு பேர் ஊர்க்காரர்களாகவும் பயணிகளாகவும் மாறி மாறி வருகிறார்கள். மாற்றிக்கொள்ள உள்ளே போக நேரமில்லை. ஆகவே ஒரு தொப்பி, ஒரு ஜாக்கெட், ஒரு கழுத்துத் துணி. சுற்றுவட்டார ஊர்களின் மேயர்கள் எல்லாம் ஒரே நடிகர்தான், தொப்பியை மட்டும் மாற்றுகிறார். அந்த இடத்தில் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். ஐரீன் சேங்காஃப், டேவிட் ஹெயின் இருவரும் கணவன் மனைவி. கதை, இசை, பாட்டு மூன்றும் அவர்கள்தான். இதில் யாரும் கவனிக்காதது கதைப் பகுதி. இசை நாடகக்காரர்கள் அதை ‘புக்’ என்பார்கள். பாட்டு நன்றாக இருந்தால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். புக் நன்றாக இருந்தால் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

அந்தப் பேருந்துக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவு. சுற்றிலும் காடு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குடும்பம் ஒன்றுக்கு ஆங்கிலம் தெரியாது. வண்டி போய் நிற்கும் இடத்தில் சீருடை போட்ட ஆட்கள் நிற்கிறார்கள். சால்வேஷன் ஆர்மி என்கிற கிறிஸ்தவத் தொண்டு அமைப்புக்காரர்கள், உதவ வந்தவர்கள்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பட்டாளம். இறங்க மறுக்கிறார்கள். ஓட்டுநருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கையில் ஒரு பைபிள் இருப்பதைப் பார்க்கிறார். அவருடைய மொழி புரியாது. ஆனால் அதிகாரமும் வசன எண்ணும் எந்த மொழியிலும் அதேதானே? புரட்டி, பிலிப்பியர் 4:6-இல் விரலை வைக்கிறார். தமிழ் பைபிளில் அது இப்படித் தொடங்கும்: “நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்”.

இதைப் பாட்டாக்கியிருந்தால் கெட்டிருக்கும். இசை அந்த இடத்துக்கு அச்சத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு அடங்கிவிடுகிறது. விரல் வைப்பது பேச்சில் நடக்கிறது. எங்கே பாட்டை நிறுத்துவது என்பது எழுதுகிறவர், இசைக்காரர், இயக்குநர் மூவரும் சேர்ந்து எடுக்கிற முடிவு. மூவரில் ஒருவருக்குத் தன் வேலை தெரிய வேண்டும் என்று ஆசை வந்திருந்தாலும் அங்கே ஒரு அழுகைப் பாட்டு வந்திருக்கும்.

இசை மேற்பார்வை, வாத்தியக் கோர்ப்பு என்பதற்கெல்லாம் தனி ஆள் எதற்கு என்று கேட்டீர்கள். நாடகத்தில் ஒரு பிரார்த்தனைக் காட்சி வரும். ஒரு கிறிஸ்தவப் பாடலை ஒருவர் தொடங்குகிறார். அதன் மேல் ஒரு யூத வேண்டுதல், ஒரு இந்து மந்திரம், ஒரு இஸ்லாமியத் தொழுகை என்று ஒவ்வொன்றாக வந்து உட்காருகிறது. ஒன்று இன்னொன்றை விழுங்கவில்லை. மெட்டு ஒருவர் போட்டாலும், எந்தக் குரல் எந்த இடத்தில் நுழைய வேண்டும், எந்த உயரத்தில் பாட வேண்டும் என்பது அரேஞ்சரின் வேலை. அதைச் செய்தவர் இயன் ஐசன்ட்ராத். அந்தக் குரல்களுக்கு அடியில் ஃபிடில் வருவதா, அக்கார்டியன் வருவதா, போட்ரான் என்கிற அயர்லாந்துத் தப்பட்டை எப்போது பேச வேண்டும் என்பதை முடிவு செய்தவர் ஆகஸ்ட் எரிக்ஸ்மோன். நம் சினிமாப் பாட்டிலும் இந்த வேலை உண்டு. நாம்தான் பெயர் கேட்பதில்லை.

இப்போது உங்கள் வாத்தியார். அவர் ஒருவரே எல்லாம் செய்கிறார் என்பது உண்மை. நானும் உங்கள் ஊர்ப்பக்கம் இரண்டு இரவு கண் விழித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் தோளில் கட்டும் புஜக்கீர்த்தியின் அளவை அவர் கண்டுபிடிக்கவில்லை. கட்டியங்காரன் எப்போது நுழைய வேண்டும், திரைக்குப் பின்னால் நின்று எத்தனை அடி பாடிய பிறகு முகம் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு முன்னால் எத்தனையோ தலைமுறைகள் ஒத்திகை பார்த்து முடித்தவை. உங்கள் ஊர்க் கூத்துக்கும் படைப்புக் குழு இருக்கிறது, கே. செத்துப்போய்விட்டார்கள், பெயரும் போய்விட்டது. புதிதாக ஒரு ஊரின் கதையை, புதிய வடிவில் நான்கைந்து வருஷத்துக்குள் மேடையேற்ற வேண்டும் என்றால், அத்தனை தலைமுறையும் ஒரே அறையில் உயிரோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

அந்த அறை எங்கே இருந்தது என்பதும் முக்கியம். யோசனையைத் தொடங்கியவர் மைக்கேல் ரூபினாஃப், கனடாவின் ஷெரிடன் கல்லூரியில் இருந்தவர். பல எழுத்தாளர்களிடம் கேட்டு ஒன்றும் நடக்காமல், கடைசியில் இந்தத் தம்பதியிடம் வந்தார். அவர்கள் 2011-இல், சம்பவத்தின் பத்தாம் ஆண்டு நினைவுக்குப் பயணிகள் திரும்பி வந்தபோது, கேண்டருக்குப் போய் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கி ஆட்களோடு பேசினார்கள். அதில் ஒருவர் பெவர்லி பாஸ், அன்று ஒரு விமானத்தை அங்கே இறக்கிய பெண் கேப்டன். அவர் பல மணி நேரம் பேசியது ஒரு பாட்டாகச் சுருங்கியிருக்கிறது. 2012-இல் கல்லூரி மாணவர்களை வைத்து 45 நிமிஷப் பட்டறை. அடுத்த வருஷம் கனெக்டிகட்டில் குட்ஸ்பீடு அரங்கின் புது இசை நாடக விழாவில் வாசிப்பு. 2015-இல் சான் டியேகோ பக்கம் லா ஹோயா ப்ளேஹவுஸில் முழுத் தயாரிப்பு. இயக்குநர் கிறிஸ்டோபர் ஆஷ்லி அப்போது அந்த அரங்கின் கலை இயக்குநராகவும் இருந்தார். அங்கிருந்து சியாட்டில், பிறகு வாஷிங்டன், டொரொன்டோ. நடுவில் கேண்டரிலேயே, ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்கில், அந்த ஊர்க்காரர்கள் முன்னாலேயே கச்சேரி வடிவில் பாடிக் காட்டினார்கள். அந்த இரவு படைப்புக் குழுவுக்கு வயிறு கலங்கியிருக்கும். 2017 மார்ச்சில் பிராட்வே, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் இடம். அங்கே 1,669 காட்சிகள்.

லா ஹோயா, சியாட்டில் போன்றவற்றை ரீஜனல் தியேட்டர் என்பார்கள். நியூயார்க்குக்கு வெளியே, லாப நோக்கில்லாமல், வருஷச் சந்தா கட்டும் உள்ளூர்க்காரர்களை நம்பி நடப்பவை. நாடகம் நன்றாக இருக்கிறதென்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் இல்லை அந்தச் சந்தாதாரர்கள். செவ்வாய்க்கிழமை டிக்கெட் இருக்கிறது, வருகிறார்கள். எங்கே இருமுகிறார்கள், எங்கே கடிகாரம் பார்க்கிறார்கள் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து குழு குறித்துக்கொள்கிறது. மறுநாள் மதியம் ஒத்திகையில் நான்கு வரி போகிறது. 2017-இல் இந்த நாடகத்துக்கு பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருதுகளில் இயக்கத்துக்கானது ஒன்றுதான் கிடைத்தது. சிறந்த இசை நாடக விருதைத் தட்டிச் சென்ற ‘டியர் இவான் ஹேன்சன்’ முதலில் மேடையேறியதும் வாஷிங்டனில் இதே போன்ற ஓர் அரங்கில்தான்.

எனக்கு அந்த மறுநாள் மதியம் வாய்க்கவில்லை. பல வருஷத்துக்கு முன் ஒரு சின்னக் குழுவுக்குப் பாட்டோடு ஒரு நாடகம் எழுதினேன். அம்மா கதவிலிருந்து திண்ணைக்கு நடந்து வர வேண்டும். அதற்கு எட்டு வரிப் பாட்டு எழுதியிருந்தேன். மெட்டுப் போட்டவர் வேறு ஊரில் இருந்தார், பதிவு செய்து அனுப்பிவிட்டார். ஒத்திகையில் அந்த அம்மா நான்காவது வரியிலேயே திண்ணைக்கு வந்துவிட்டார். மீதி நான்கு வரிக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சார், நாலு வரி எடுத்துடலாமா?” என்று இயக்கிய தம்பி கேட்டான். அந்த நான்கு வரியில்தான் என் நல்ல உவமை இருந்தது. முடியாது என்றேன். “அப்படின்னா மெதுவா நடங்கம்மா” என்றான். அவரும் மெதுவாக நடந்தார். அரங்கில் யாரோ “கால்ல முள்ளு குத்திடுச்சா?” என்று கேட்டது கடைசி வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது.

மூன்று காட்சியோடு நாடகம் முடிந்துவிட்டது. அந்த நான்கு வரியை நான் வெட்டியது அதற்கு ஒரு வருஷம் கழித்து, தொகுப்பில் சேர்க்கும்போது.

அன்புடன்