கோத்தகிரியிலிருந்து ஊட்டி வரை ஒரே கையுறையா?

தம்பி, ஆம்புலன்ஸ் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம், கோத்தகிரியில் நோயாளியை ஏற்றியதிலிருந்து ஊட்டியில் இறக்கும்வரை ஒரே கையுறைதான், மாற்றினால் சீனியர் வீண் செலவு என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மாற்றுங்கள், தயங்கவே வேண்டாம். நம் மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு மேல் கம்பியைப் பிடிக்காமல் நிற்க முடியாது, ரத்தம் பட்ட அதே கையுறையோடு கம்பி, ஆக்சிஜன் சிலிண்டர் திருகு, கதவு, அப்புறம் போன் என்று தொட்டுக்கொண்டே போனால் அடுத்த நோயாளிக்கும், அதையெல்லாம் வெறுங்கையால் தொடும் டிரைவருக்கும் தொற்று போய்ச் சேரும். கட்டுப் போட்டு முடித்ததும் உட்புறம் வெளியே வரும்படி புரட்டிக் கழற்றி மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பையில் போடுங்கள். உடனே சானிடைசரால் 20-30 நொடி தேய்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எந்தக் கையுறையிலும் இருக்கலாம். கையில் ரத்தம் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான்.

பனிக்காலத்தில் கை வெடிக்கும், அதுவே கிருமிக்கு வாசல். ஆனால் தேங்காய் எண்ணெயை வேலை முடிந்த பிறகு தடவுங்கள், எண்ணெய் பட்டால் கையுறையின் லேடெக்ஸ் ரப்பர் கெட்டுவிடும்.

ரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி 3 தவணையும் போட்டாயிற்றா? நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புப் போட்டுக் கழுவி அப்போதே டாக்டரைப் பாருங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும்.