‘சரி செய்யவா?’ என்று கணினி கேட்டால்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். சாயங்காலம் ஆனால் இடியும் மழையும், மின்னல் வெட்டினால் வீட்டில் மெயின் சுவிட்ச் விழுகிறது, மறுபடி கணினியைப் போட்டால் ‘டிரைவில் பிழை இருக்கிறது, சரி செய்யவா?’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அதனால் இந்த முறை கேள்வி பதில் முழுவதும் அந்தப் பெட்டியைப் பற்றியே.

கேள்வி: கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். கேமரா மெமரி கார்டில் இருந்த படங்களை ‘கட்’ செய்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அப்புறம் டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ் சரி செய்யவா என்று கேட்டது, சரி என்று அமுக்கினேன். வெற்றிகரமாக முடிந்தது என்று சொன்னது. ஆனால் முகூர்த்தப் படங்கள் இருந்த ஃபோல்டரையே காணோம். பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வேன்?
– செந்தூல் வாசகி

பதில்: முதலில் ஒன்று செய்யுங்கள் சகோதரி. அந்த டிஸ்க்கையும் கார்டையும் இனி எதற்கும் பயன்படுத்தாதீர்கள். கார்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், அதைக் கீழே தள்ளிவிட்டால் அதில் எதுவும் எழுத முடியாது. இன்னொரு கல்யாணத்துக்கு அதே கார்டை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், உங்கள் நம்பிக்கை முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். ‘கட்’ செய்து வேறொரு டிரைவுக்கு மாற்றும்போது விண்டோஸ் முதலில் நகல் எடுத்துவிட்டு அப்புறம்தான் கார்டில் இருப்பதை அழிக்கும். அழிப்பது என்றாலும் படத்தின் உள்ளடக்கத்தைத் துடைப்பதில்லை, பட்டியலில் ‘இந்த இடம் காலி’ என்று குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதன் மேல் புதிதாக எதுவும் எழுதாதவரை படம் அங்கேயே கிடக்கும். ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அது பட்டியலைப் பார்க்காமல் கார்டை ஆரம்பத்திலிருந்து படித்து, படம் தொடங்கும் அடையாளத்தைக் கண்டுபிடித்து எடுத்துத் தரும். எடுத்ததை வேறொரு டிஸ்க்கில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டவே வேண்டாம். கோப்பின் பெயர் போய்விடும், ஆனால் கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைத்த நாளும் நேரமும் இருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். ஃபார்மேட் செய்த கார்டில் கேமரா பெரும்பாலும் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவதால் இந்த வழியில் முழுசாகக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அப்புறம் அந்த டிஸ்க். சரி செய்தது என்றால் எங்கே போச்சு என்ற உங்கள் கோபம் நியாயமானது. இந்தக் கருவிகள் ‘சரி’ என்று சொல்வது பதிவேட்டைப் பற்றி. டிஸ்க்கின் இடம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று டிஸ்க்கில் ஒரு பதிவேடு உண்டு. கரண்ட் போன நொடியில் அது பாதி எழுதிய நிலையில் நின்றுவிட்டது. ஒரு கட்டத்தில் ஏதோ இருக்கிறது என்கிறது பதிவேடு, ஆனால் அதைத் தன்னுடையது என்று சொல்ல எந்தக் கோப்பும் இல்லை. அப்படி அநாதையாகக் கிடப்பதையெல்லாம் கருவி பொறுக்கி ஃபவுண்ட்.000 என்ற மறைந்த ஃபோல்டரில் சிஎச்கே என்று முடியும் பெயர்களில் போட்டுவிடும். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி அந்த ஃபோல்டரைத் தேடுங்கள். இருந்தால் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகல் எடுத்து, நகலில் சிஎச்கேவை ஜேபெக் என்று மாற்றித் திறந்து பாருங்கள்.

உங்கள் டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையில், அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையில், இருந்திருந்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய ஃபேட் முறையில் பதிவேட்டுக்கு வழக்கமாக 2 பிரதி இருக்கும், எக்ஸ்ஃபேட்டில் பெரும்பாலும் ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது சாட்சி இல்லாதபோது கருவி ஊகித்துத்தான் செய்யும். ஊகித்தேன் என்று அது சொல்லவில்லை பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய குறை. பெண் வீட்டாரிடம் பேசும் முன் ஃபோட்டோரெக்கை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளி அலுவலகக் கணினியில் 2 டிபி ஹார்ட் டிஸ்க். பிழை பார்க்கச் சொல்லி செக்டிஸ்க் ஓட்டினோம், காலையிலிருந்து 10 சதவீதத்திலேயே நிற்கிறது. பள்ளி மூடும் நேரம் ஆகிறது, சுவிட்சை அணைத்துவிடலாமா?
– புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியை

பதில்: அணைக்காதீர்கள் டீச்சர், இரவு முழுவதும் ஓடட்டும், காவலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நீங்கள் ‘ஆர்’ என்ற எழுத்தைச் சேர்த்து ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது பதிவேட்டை மட்டும் பார்க்காது, டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்தையும் படித்துப் பார்க்கும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தாலே 2 டிபிக்குக் கிட்டத்தட்ட 3 மணி 40 நிமிடம் ஆகும். அதே டிஸ்க்கைப் பழைய யுஎஸ்பி 2 வழியாக நொடிக்கு 35 எம்பி என்று படித்தால் 16 மணி நேரம். நடுவில் கெட்டுப்போன இடம் வந்தால் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், சதவீத எண் அப்படியே நிற்கும். அந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள், டிஸ்க் விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு நிலைமையில் நிறுத்தலாம். டக் டக்கென்று சத்தம் வருகிறது, விளக்கும் ஒழுங்காக மினுக்கவில்லை என்றால் டிஸ்க்கே செத்துக்கொண்டிருக்கிறது. சாகிற டிஸ்க்கில் பழுது பார்ப்பது அதை மேலும் வதைப்பது. நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்கு நகல் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், மாணவர் பதிவுகள் இருக்கிற டிஸ்க் ஆயிற்றே.

அடுத்த முறைக்கு ஒரு வழி. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் செக்டிஸ்க்கை மாற்றி அமைத்துவிட்டார்கள். அதற்கு முன் கோப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட நேரமும் கூடும், அதுவரை டிரைவைத் தொட முடியாது. இப்போது விண்டோஸின் வழக்கமான கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் உள்ள டிரைவில் ‘ஸ்கேன்’ என்று கொடுத்தால் நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பிழையைத் தேடிக் குறித்துவைக்கும், அப்புறம் ‘ஸ்பாட்ஃபிக்ஸ்’ கொடுத்தால் குறித்த இடத்தை மட்டும் சில நொடிகளில் திருத்தும். சாதாரணச் சந்தேகத்துக்கு இது போதும்.

கேள்வி: வணக்கம் அண்ணா. கணினியியல் இறுதியாண்டு படிக்கிறேன். கோப்பு முறைமையைச் சோதித்துப் பழுது பார்க்கும் கருவியை மேம்படுத்துவதை என் திட்டப்பணியாக எடுக்க ஆசை. லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமைதான் பழக்கம். வேகத்தைக் கூட்டலாம் என்று நினைத்தேன், மேற்பார்வையாளர் அதைவிட நல்ல கோணம் தேடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– பினாங்கு மாணவர்

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேகத்தில் ஏற்கெனவே நிறைய வேலை நடந்திருக்கிறது. 2013இல் ஒரு குழு எக்ஸ்ட்3 டிஸ்க்கில் தகவல்களை வைக்கும் விதத்தையே மாற்றி, சோதிக்கும்போது டிஸ்க்கின் முள் அங்கும் இங்கும் ஓடாதபடி செய்தது. 2021இல் இன்னொரு குழு சோதனையைப் பல கூறாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிட்டது. எக்ஸ்ட்4இலேயே பயன்படுத்தாத பகுதியைத் தாண்டிச் செல்லும் வசதி இருக்கிறது. ஒரு செமஸ்டரில் நீ இவர்களோடு ஓட வேண்டாம்.

சரியாகப் பழுது பார்க்கிறதா என்பது வேறு கேள்வி, எனக்கு அதுதான் முக்கியம். எக்ஸ்ட்4ஐப் பழுது பார்க்கும் இ2எஃப்எஸ்சிகே 5 படிகளாக வேலை செய்வது உனக்குத் தெரியும்: ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண்ணோடு இருக்கும் விவரக் குறிப்பு), டைரக்டரிகள் (ஃபோல்டர்கள்), அவை ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா, இணைப்புகளின் எண்ணிக்கை, கடைசியில் கணக்குச் சுருக்கம். 2008இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இந்தச் சோதனைகளையெல்லாம் எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியின் வினவல்களாக எழுதிப் பார்த்தார்கள். அப்போது தெரிய வந்தது, இருக்கிற கருவி சில இடங்களில் கையில் உள்ள நல்ல தகவலை விட்டுவிட்டுத் தவறாகத் திருத்துகிறது என்பது. 2018இல் வந்த ஆய்வு இன்னும் கவலை தருவது. பழுது பார்க்கும் நடுவில் வேலை அறுந்துபோனால் டிஸ்க் முன்பைவிட மோசமாகலாம், மறுபடி அதே கருவியை ஓட்டினாலும் தீராமல் போகலாம். செய்ததைத் திரும்பப் பெற இ2எஃப்எஸ்சிகேயில் ஒரு வசதி உண்டு, பழைய நிலையை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். ஆனால் அந்தக் கோப்பு டிஸ்க்கில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் திருத்தம் எழுதப்படும் என்ற உறுதி அதில் இல்லாததையும் அந்த ஆய்வு காட்டியது. மின்னல் வெட்டுகிற ஊரில் இருக்கிறோம், இதை நாம் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது.

இருந்தாலும் நான் உனக்குச் சொல்வது மூன்றாவது ஒன்று. என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்துப் படங்களை ஸ்கேன் செய்து பழைய லினக்ஸ் கணினியில் வைத்திருந்தேன். ஒருநாள் அது ஏறவில்லை. இ2எஃப்எஸ்சிகே ஓட்டினேன், ‘ஐநோடு எண் இன்னது, இப்படிக் கெட்டிருக்கிறது, அழிக்கவா?’ என்று வரிசையாகக் கேட்டது. முப்பது நாற்பது தடவை ஆம் ஆம் என்று அமுக்கி, கை வலித்து, எல்லாவற்றுக்கும் ஆம் என்று ஒரேயடியாகக் கொடுத்துவிட்டேன். அதில் ஓர் எண் அப்பாவின் படங்கள் இருந்த டைரக்டரி. பாதிப் படங்கள், அநாதைக் கோப்புகளைப் போட்டுவைக்கும் லாஸ்ட் ஃபவுண்டில் வெறும் எண்களாகக் கிடந்தன, மீதி வரவே இல்லை. அந்த இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘அப்பா தோட்டம்’ என்ற பெயர் வந்திருந்தால் என் விரல் நின்றிருக்கும். இன்றைக்கும் அந்த வரியை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அதைச் செய், தம்பி. கருவி எதையும் மாற்றும் முன், இந்தத் திருத்தத்தால் எந்தப் பாதையில் உள்ள எந்தக் கோப்பு பாதிக்கப்படும் என்று மனிதருக்குப் புரியும் சொல்லில் சொல்லும் ஒரு முன்னறிக்கை. இதற்கு வேண்டிய துண்டுகள் இருக்கின்றன: எதையும் எழுதாமல் பிழையை மட்டும் சொல்லும் ‘என்’ தேர்வு, எக்ஸ்ட்4இன் உள்ளே பார்க்கவும் மாற்றவும் உதவும் டீபக்எஃப்எஸ்ஸில் ஐநோடு எண்ணிலிருந்து பாதையைத் தேடும் என்செக், கட்டத்தின் எண்ணிலிருந்து ஐநோடைத் தேடும் ஐசெக். ஐநோடே கெட்டிருந்தாலும் அதன் மேல் டைரக்டரி நன்றாக இருந்தால் பெயர் கிடைக்கும், திருத்திய பிறகு கேட்டால் கிடைக்காது. இன்னொன்று, ஒவ்வொரு திருத்தத்துக்கும் சாட்சி இருக்கிறதா என்று பிரித்துக் காட்டு. கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக் கெட்டால் அதற்குப் பிரதிகள் உண்டு, அதை வைத்துத் திருத்துவது உறுதியானது. ஒரே கட்டத்தை 2 கோப்புகள் உரிமை கொண்டாடினால் யாருடையது என்று தீர்ப்பது ஊகம். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையைப் பார், ஒவ்வொரு கட்டமும் யாருக்குச் சொந்தம் என்ற தலைகீழ்ப் பட்டியலையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடிவதால்தான் டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பலவற்றைத் திருத்த முடிகிறது. அந்த வேலை 2024 வாக்கில் லினக்ஸின் மையமான கெர்னலில் முழுமையாகச் சேர்ந்தது.

சோதிப்பதற்கு உண்மையான டிஸ்க் வேண்டாம். 100 எம்பியில், டிஸ்க் போலவே பயன்படும் ஒரு படிமக் கோப்பு உண்டாக்கி, எக்ஸ்ட்4 போட்டு, கோப்புகளை நிரப்பி, ஒவ்வொன்றின் செக்சம்மையும் (உள்ளடக்கம் மாறினால் காட்டிக்கொடுக்கும் எண்) குறித்துக்கொள். டீபக்எஃப்எஸ் வைத்து வேண்டுமென்றே கெடு. பழுது பார்த்த பிறகு பெயரோடும் உள்ளடக்கத்தோடும் எத்தனை மிஞ்சியது என்று எண்ணு. ‘பிழை இல்லை’ என்ற கடைசி வரியை அளவாக எடுக்காதே, எல்லாவற்றையும் அழித்துவிட்டாலும் அந்த வரி வரும். உடனே இரண்டாம் முறை ஓட்டிப் பார், மறுபடி பிழை சொன்னால் முதல் தடவை வேலை அரைகுறை. நடுவில் நினைத்த இடத்தில் நிறுத்தியும் பார். கெடுத்துவைத்த சின்னச் சின்னப் படிமங்கள் அந்தக் கருவியின் மூலநிரலோடேயே நூற்றுக்கணக்கில் வருகின்றன, அங்கிருந்து தொடங்கினால் முதல் மாதம் மிச்சம். முடித்ததும் எனக்கு எழுது, என்னிடம் இருக்கிற கெட்ட டிஸ்க்கின் நகலில் முதல் ஆளாக ஓட்டிப் பார்க்கிறேன்.

கேள்வி: பென்டிரைவை ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கலாம் என்கிறான் என் மகன். உண்மையா?
– கெப்போங் வாசகர்

பதில்: பாதி உண்மை ஐயா. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, எழுத வேண்டியதை நினைவகத்தில் தேக்கிவைக்காமல் உடனே எழுதுவதே வெளி டிரைவுகளுக்கு இயல்பு அமைப்பு. அதனால் சும்மா இருக்கும் பென்டிரைவைப் பிடுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் செந்தூல் சகோதரிக்கு நடந்ததுதான். மேக்கிலும் லினக்ஸிலும் கட்டாயம் எஜெக்ட் கொடுக்கச் சொல்லுங்கள்.