தாழிட்ட கதவும் நான்கு மணித் தேநீரும்

அன்புள்ள ஐயா,

உங்கள் அம்மா தணல் போட்டுச் சுடும் ரவைப் பலகாரத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகு, நானும் பிற்பகல் வாசிப்பு என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் வரை, மூன்றிலிருந்து நான்கு மணி வரை, எனக்கே எனக்கான நேரம். ஜன்னலோரம் மெத்தை, வீட்டில் செய்த பிஸ்கட், ஏலக்காய் தட்டிப் போட்ட தேநீர், ஒரு புத்தகம். ஒரு படம் எடுத்துக்கொண்டவுடன் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுகிறேன். ஆனாலும் நான்கைந்து பக்கங்களுக்கு மேல் போக முடியவில்லை. போதாக்குறைக்கு, அச்செழுத்தைப் படிக்க முடியாத அளவுக்குக் கண் மங்கிவிட்ட என் மாமியார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, என்ன புத்தகம், என்ன கதை என்று கேட்கிறார். இப்போதெல்லாம் கதவைத் தாழிட்டுக்கொள்கிறேன். அப்படியும் மனம் ஒன்றவில்லை. தின்றுகொண்டே படிப்பது தவறா? காகிதமா, கிண்டிலா? இந்த நேரத்துக்கு ஏற்ற ஐந்து நூல்களைச் சொல்வீர்களா? அந்தப் பலகாரத்துக்குத் தேங்காய்ப்பால் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுவதும் நான் ஒரு சட்டி மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். இங்கே பர்மாவில், யாங்கோனில் வீடு மாறியபோது சாமான் ஏற்றி வந்தவர்கள் என் அம்மாவின் இரும்புச் சட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு மூடியை எங்கோ விட்டுவிட்டார்கள். பழைய இரும்புக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அவர்கள் கேட்டதில் தவறில்லை. அந்த மூடியின் மேல்தான் தணல் கிடக்கும் என்பதும், அந்தத் தணல் ஆறும் வரையில்தான் எங்கள் வீட்டில் கதை நடக்கும் என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? நானே அதைப் பல ஆண்டுகளாக நினைத்துப் பார்க்காமல் இருந்துவிட்டு, மூடி தொலைந்த பிறகு நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது உங்கள் தாழ்ப்பாள் வந்து சேர்ந்தது.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். தின்றுகொண்டே படிக்கலாம், எண்ணெய்க் கையோடு பக்கம் புரட்டாமல் இருந்தால் போதும். காகிதமா கிண்டிலா என்பது எனக்கு ஒரு பொருட்டே அல்ல. புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அதைப் படம் எடுக்கிறீர்களே, அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குக் காட்டிவிட்ட பிறகு அந்த வாசிப்பில் உங்களுக்கென்று மிஞ்சுவது ஆறிப்போன தேநீர்தான்.

இனி அந்தக் கதவு. வீட்டில் ஒரு மனுஷி வந்து என்ன கதை என்று கேட்கிறார். நீங்கள் எழுந்துபோய்த் தாழிடுகிறீர்கள். இதை ஒரு வாசகியிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவர் கதை கேட்டு வாசலில் நிற்பதை இடைஞ்சல் என்று எண்ணும் அளவுக்கு எந்தப் புத்தகம் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது? கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

எங்கள் வீடு காளி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. தமிழர்கள் 1871ல் கட்டிய கோயில் அது. 1964 மார்ச்சில் நகரத்துக் கடைகள் அரசுடைமை ஆயின. மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் வாரம் ஒரு வீடாகப் பூட்டிக்கொண்டு மதராஸ் கப்பல் ஏறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பணமும் நகையும் எடுத்துப் போகக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில் புத்தகத்தை யார் சுமப்பார்கள்? போகிறவர்கள் எல்லாம் என் தந்தையிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்த தொகுதிகள், அட்டை போன பக்திக் கதைகள், ஒரு வைத்திய நூல் என்று இரண்டு தகரப் பெட்டிகள் நிறைந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் தனியார் பள்ளிகளும் அரசின் வசமாகிவிட, நான் எழுத்துக்கூட்டிப் பழகிய தமிழ் வகுப்பும் நின்றது. பெட்டி நிறையத் தமிழ்ப் புத்தகம்; வீட்டில் அதைத் தட்டுத் தடுமாறியாவது படிக்கத் தெரிந்தவர்கள் வேலைக்குப் போய்விடும் தந்தையும் நானும் மட்டும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

மக்கள் கடை என்று அழைக்கப்பட்ட அரசுக் கடையில் ரவை கிடைத்த நாளில் அம்மா சனுவின்மகின் செய்வார். நம் கேசரியின் உறவுதான் அது. வறுத்த ரவையைத் தேங்காய்ப்பாலிலும் சர்க்கரையிலும் கிளறி, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்போது சமமாகப் பரப்பி, மேலே கசகசாவைத் தூவி மூடிவிட வேண்டும். பிறகு அடியில் கொஞ்சம் தணல், மூடியின் மேல் அதைவிடக் கூடுதலாகத் தணல். அம்மா கொட்டாங்கச்சியை எரித்துத்தான் தணல் எடுப்பார். மேல்புறம் சிவந்து, கசகசா பொரிந்து மணக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகர முடியாது. அந்த நேரத்துக்குத்தான் நான். பள்ளியிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல், அடுப்புக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து தொடர்கதையை உரக்கப் படிக்க வேண்டும். கூலி, சட்டியின் ஓரத்தில் முறுகிப்போன துண்டு.

நான் எப்படிப் படித்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பர்மிய எழுத்தில் க என்பதற்கு ஓர் எழுத்து, அதன் மெல்லிய ஒலிக்கு வேறோர் எழுத்து. தமிழில் ஒரே ககரம் இடத்துக்கு ஏற்றபடி ஒலி மாறும். பர்மியப் பள்ளியில் பழகிய என் நாக்கு, தெருவில் பேசும் சொற்களைச் சரியாகச் சொல்லும். புத்தகத்தில் மட்டும் வருகிற சொல்லைக் கண்டால் அகந்தையை அக்கந்தை என்றும், சஞ்சலத்தைச் சன்ச்சலம் என்றும் அடித்து உடைக்கும். அம்மா தணலைக் கிளறியபடியே, தலையைத் திருப்பாமல், அகந்தை என்பார். கோயிலில் கதை கேட்டுக் கேட்டு அந்தச் சொற்கள் அவர் காதில் இருந்தன. அதைவிடப் பெரிய திருத்தம் ஒன்று உண்டு. நீண்ட வாக்கியத்தில் வரி முடியும் இடத்தில் நான் மூச்சு விடுவேன். அம்மா, "அங்கே ஏன் நிறுத்துகிறாய்? அவள் இன்னும் வீட்டுக்குள் போகவில்லையே" என்பார். வினைமுற்று வரவில்லை என்பதை எழுத்தே அறியாத அந்த மனுஷி, அடுப்படியில் இருந்தபடி, காதால் கண்டுபிடித்தார். இலக்கணம் என்ற சொல்லைப் பிற்பாடு படித்தபோது எனக்கு அதில் கற்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. எனக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்பவர்களிடம் வாசிக்கத் தெரியாத ஒருவர் என்றுதான் சொல்லி வருகிறேன்.

இப்போது உங்கள் ஐந்து பக்கத்துக்கு வருகிறேன். கண்ணால் மட்டும் படிக்கும்போது மனம் வரியை விட்டு நழுவிப் போனாலும் கண் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்; பக்கத்தின் அடியில்தான் ஒன்றும் படிக்கவில்லை என்று தெரியவரும். எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கையில் அப்படி நழுவ இயலாது. சொல்லை விழுங்கினால் முகம் சுளிப்பார். புரியாமல் படித்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் தாழிட்டு வெளியே நிறுத்தியிருப்பது உங்கள் கவனத்தைப் பிடித்து உட்கார வைக்கக்கூடிய ஒரே ஆளை. கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தது சரி. மாமியாரையும் அதே அறைக்கு அனுப்பிவிட்டீர்கள்!

தனிமை வேண்டாமா, ஒரு பெண்ணுக்கு ஒரு மணி நேரம்கூடச் சொந்தமாக இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். நானும் இரவில் தனியாகத்தான் படிக்கிறேன். பலகாரத்தையும் நீங்களே செய்து, தேநீரையும் நீங்களே போட்டு, அதன் பிறகு மிஞ்சுகிற நேரத்தை ஓய்வு என்று அழைப்பது அநியாயம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதைக் கேட்க வேண்டியது உங்கள் கணவரிடம், கண் தெரியாத கிழவியிடம் அல்ல. தினமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் கதவு திறந்திருக்கட்டும்.

இந்த ஊரில் தேயிலையைக் குடிப்பதோடு நிற்பதில்லை, தின்னவும் செய்கிறோம். ஷான் மலையில் பறித்த இலையை ஆவியில் வேகவைத்து, மாதக்கணக்கில் அழுத்திப் புளிக்க வைத்தது லப்பெ. அறைகள் பிரித்த அரக்குத் தட்டில் நடுவே லப்பெயும், சுற்றிலும் வறுத்த பூண்டு, எள், வேர்க்கடலை, பயறு வகைகளுமாக வைத்து, பக்கத்தில் பால் சேராத வெறும் பச்சைத் தேநீரோடு பிற்பகலில் நடுவீட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தக் காலத்தில் வழக்குத் தீர்ந்ததும் இரு தரப்பாரும் லப்பெ தின்றால்தான் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அந்தத் தட்டை ஓர் ஆள் தனக்கு மட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து நான் இந்த எழுபது வயதில் பார்த்ததில்லை. உங்கள் ஜன்னலோர மெத்தையைப் படித்தபோது முதலில் என் நினைவுக்கு வந்தது அந்தத் தட்டுதான்.

ஐந்து நூல்கள் கேட்டிருந்தீர்கள். பட்டியல் தரப் போவதில்லை. உங்கள் அத்தை சிறுமியாக இருந்தபோது எந்த வாரப் பத்திரிகைக்காகக் காத்திருந்தார், எந்தத் தொடர்கதை பாதியில் விட்டுப்போயிற்று என்று அவரிடமே கேளுங்கள். அந்தக் காலத்துத் தொடர்களில் பல இப்போது புத்தகமாகக் கிடைக்கின்றன. அதிலிருந்து தொடங்குங்கள். இடையில் அவர் தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். மறுநாள் விட்ட இடத்தை அவரே சொல்லுவார், என் அம்மா ஒருநாளும் தவறியதில்லை.

தேங்காய்ப்பால் கணக்கு: ஒரு கோப்பை ரவைக்குப் பாலும் நீருமாகச் சேர்த்து மூன்று கோப்பை. தணலுக்கு வழியில்லை என்றால் ஓவனில் மேல் சூட்டில் வையுங்கள். ஓரம் முறுகும் வரை எடுக்க வேண்டாம், அந்த ஓரத்தை வாசிப்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அன்புடன்,
யாங்கோனிலிருந்து