டைவர்டிகுலைட்டிஸ் வந்தவர்கள் கொட்டைகளையும் விதைகளையும் அடியோடு விட வேண்டுமா?

விட வேண்டியதில்லை. பெருங்குடல் சுவரில் உண்டாகும் சின்னச் சின்னப் பைகளில் அழற்சி வருவதுதான் டைவர்டிகுலைட்டிஸ். அந்தப் பைகளில் விதை போய்ச் சிக்கிக்கொள்ளும் என்ற பயத்தில் சொல்லப்பட்ட பழைய அறிவுரை அது. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சுமார் 47,000 ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்தது. கொட்டைகளும் பாப்கார்னும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் கூடவில்லை, குறைவாகத்தான் வந்தது.

ஆனால் எப்போது சாப்பிடுகிறோம் என்பது முக்கியம். அந்தப் பைகளில் அழற்சி ஏற்பட்டு வலிக்கும் நாட்களில் குடலுக்கு ஓய்வு வேண்டும். மருத்துவர் சொல்கிறபடி ஓரிரு நாள் தெளிந்த சூப், சக்கை இல்லாத பழச்சாறு, தண்ணீர். வலி தணிந்ததும் வெள்ளைச் சோறு, முட்டை, மீன், தோல் நீக்கிக் குழைய வேகவைத்த காய் என்று நார்ச்சத்து குறைந்த உணவு.

சரி, குணமான பிறகு? பலர் தடுமாறுவது இங்கேதான். பயந்துபோய் மாதக்கணக்கில் அதே பத்தியச் சாப்பாட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மலம் இறுகி, குடலுக்குள் அழுத்தம் கூட அதுவே வழி. முழுத்தானியம், பருப்பு, காய், பழம் என்று நார்ச்சத்தைச் சில வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டி, நாளுக்கு 25 முதல் 30 கிராம் வரை கொண்டு வாருங்கள். அவசரப்பட்டால் வயிறு உப்பும். தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியைக் குறைப்பது நல்லது.

கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, மலத்தில் ரத்தம், கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் பத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.