பஸ்ஸை முதலில் பிடியுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆடி மாதம் ஓர்லாண்டோவில் இருக்கும் மகளிடம் போகிறோம். பேரப்பிள்ளைகளுக்கு 5 வயதும் 11 வயதும். கெனடி விண்வெளி நிலையத்துக்கு ஒரேயொரு நாள்தான் ஒதுக்கலாம். எங்கே தொடங்குவது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: பஸ்ஸில் தொடங்குங்கள். காரில் போய் இறங்கும் இடம் பார்வையாளர் வளாகம். ஏவுதளங்கள், ரொக்கெற் பொருத்தும் கட்டடம், மனிதரை நிலவுக்கு அனுப்பிய சற்றேர்ன்-5 ரொக்கெற் இருக்கும் மண்டபம் எல்லாம் வேலிக்கு அப்பால் இருக்கின்றன. சாதாரண நுழைவு ரிக்கெற்றில் போகிறவர்களை அங்கே கூட்டிப்போவது வளாகத்தின் பஸ் மட்டும்தான். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் வளாகம் மூடுவதற்கு வெகு முன்னரே கடைசிப் பஸ் புறப்பட்டுவிடும். "ஆறுதலாகப் போவம்" என்று பின்னேரத்துக்குத் தள்ளிவைப்பவர்கள்தான் சற்றேர்னைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்.

ஓர்லாண்டோவிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீற்றர், ஒரு மணித்தியால ஓட்டம். 528ஆம் இலக்க வீதியில் சுங்கம் உண்டு. வாடகைக் கார் என்றால் அதை எப்படி அறவிடுவார்கள் என்று முதலே கேட்டுவிடுங்கள். வழிகாட்டிச் செயலியில் 'கேப் கனாவரல்' என்று மட்டும் அடித்தால் அது அந்தப் பெயருள்ள கடலோர ஊருக்குக் கொண்டுபோய் விடும். 'கெனடி விண்வெளி நிலையப் பார்வையாளர் வளாகம்' என்று முழுப்பெயரையும் அடியுங்கள். ரிக்கெற்றை இணையத்தில் முதலே வாங்குங்கள். கார் தரிப்பிடக் கட்டணம் வேறு. பெரும்பாலும் காலை 9 மணிக்குத் திறக்கும். வாசலில் பைகளைச் சோதிப்பார்கள்; பழம் வெட்டும் சிறு கத்தியைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பஸ் பயணத்துக்கும் சற்றேர்ன் மண்டபத்துக்கும் சேர்த்து இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். வழியில் 160 மீற்றர் உயரமான பொருத்தும் கட்டடம் தெரியும். சாதாரணப் பயணத்தில் அங்கே இறங்க விடமாட்டார்கள். ரொக்கெற்றைச் சுமந்து ஏவுதளம் போகும் சங்கிலிச் சக்கர வண்டியின் பாதையையும் காட்டுவார்கள். சுமையோடு அது மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் அளவில்தான் நகரும். நல்லூர்த் தேர் பார்த்த கண்களுக்கு அந்த வேகம் புதிதல்ல.

மண்டபத்துக்குள் நேரே ரொக்கெற்றடிக்கு ஓடாதீர்கள். முதல் அறையில், அப்பலோ என்ற நிலவுப் பயணத் திட்டக் காலத்துக் கட்டுப்பாட்டு மேசைகளை வைத்து 1968 டிசம்பரில் அப்பலோ-8 ஏவப்பட்ட கடைசி நிமிடங்களை மீள நடத்திக் காட்டுவார்கள். யன்னல் கண்ணாடிகள் அதிரும். அது முடிந்து கதவு திறக்க, தலைக்கு மேலே ஐந்து எஞ்சின்களோடு 110 மீற்றர் நீளச் சற்றேர்ன் கிடையாகக் கிடக்கும். கையால் தொட்டுப் பார்க்க ஒரு நிலாக் கல் துண்டும், அப்பலோ-14 பூமிக்குத் திரும்பிய கலமும் அங்கேதான். இருந்து பார்க்க விரும்பினால் இருக்கலாம். திரும்பும் பஸ் அடுத்தடுத்து வரும்.

மத்தியானத்துக்குப் பிறகு அற்லாண்டிஸ் விண்ணோட மண்டபத்துக்குப் போங்கள். இரண்டு மணித்தியாலம் தேவை. 33 தடவை விண்வெளி போய்வந்த ஓடம் இது; 2011 ஜூலையில் கடைசி விண்ணோடப் பயணத்தைச் செய்ததும் இதுதான். 43.21 பாகை சரித்து நிறுத்தியிருக்கிறார்கள், 4-3-2-1 என்று இறங்கும் எண்ணிக்கையை நினைவூட்ட. முன்னால் ஓடும் குறும்படத்தைத் தவறவிடவேண்டாம். அதன் முடிவில் நடப்பதை இங்கே சொல்லிக் கெடுக்கமாட்டோம். கீழ்த்தளத்தில் சலஞ்சர், கொலம்பியா விண்ணோட விபத்துகளில் இறந்த 14 பேருக்குமான நினைவிடம் இருக்கிறது. 2003 பெப்ரவரி 1இல் இறந்த கல்பனா சாவ்லாவும் அவர்களில் ஒருவர். பெரிய பேரனையோ பேத்தியையோ அங்கே கூட்டிப்போய்ச் சற்று நில்லுங்கள்.

அதே மண்டபத்தில் இருக்கும் ஏவுதல் பாவனைச் சவாரிக்குக் குறைந்த உயரம் 44 அங்குலம், அதாவது 112 சென்ரிமீற்றர். 5 வயதுப் பிள்ளை இந்த அளவில் இழுபறிதான். வீட்டுச் சுவரில் அளந்துகொண்டு போனால் வரிசையில் நின்று அழவேண்டியிராது.

ஆடியில் பின்னேர இடிமழை அங்கே அநேகமாக நாளாந்த வழக்கம். மின்னல் கிட்ட வந்தால் திறந்த வெளியில் ரொக்கெற்றுகளை நிறுத்திவைத்திருக்கும் 'ரொக்கெற் தோட்டத்தை'ப் பார்க்க முடியாது. அதனால் பஸ்ஸுக்கு முன் 20 நிமிடம் மட்டும் அங்கே நடந்துவிடுங்கள்; மற்றதெல்லாம் பஸ்ஸுக்குப் பிறகு. திகதியை மாற்ற முடிந்தால் கார்த்திகை, மார்கழி நல்லது: எங்களுக்கு மாரி, அவர்களுக்கு வறண்ட காலம்.

கேள்வி: ரொக்கெற் ஏவும் நாளாகப் பார்த்துப் போனால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: ஒரே ஒரு நாள்தான் கையில் என்றால் வேண்டாம். ஏவும் நாளில் பஸ் பயணம் சுருங்கலாம், நிற்கவும் நிற்கலாம். ஏவுதலே நடக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. மேல்வானக் காற்று, 10 கடல் மைலுக்குள் மின்னல், தடைசெய்த கடற்பரப்புக்குள் நுழைந்த ஒரு படகு, ஏதாவது ஒன்று போதும். பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் ஓடமென்றால் குறித்த கணம் தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் நிற்பவர்கள் வளாகத்தை ஒரு நாளும் ஏவுதலை இன்னொரு நாளும் வைத்துக்கொள்ளட்டும். ஏவுதலை ஆற்றுக்கு அக்கரையில் ரைற்றஸ்வில் ஊரிலிருந்து செலவில்லாமல் பார்க்கலாம். ஏவுதளம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தொலைவில் என்பதால் சுவாலை தெரிந்து ஒரு நிமிடம் கழித்துத்தான் முழக்கம் கேட்கும். அதற்குள் வீடியோவை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் ஹியூஸ்ரனில். அங்குள்ள நிலையம் புளோரிடாவுக்கு ஈடாகுமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: அது வேறு வகை. புளோரிடா ஏவும் இடம். ஹியூஸ்ரன் பறப்பை வழிநடத்தும் இடம். நிலவில் இறங்கிய வீரர்களோடு பேசிக்கொண்டிருந்த கட்டுப்பாட்டு அறையை 2019இல் பழையபடி புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனி ரிக்கெற், இடங்கள் குறைவு. நுழைவு ரிக்கெற்றோடு சேர்த்தே நேரத்தைப் பதிவுசெய்யுங்கள். அங்கும் ஒரு சற்றேர்ன்-5 இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் அதன் மூன்று கட்டங்களும் பறப்பதற்கென்றே செய்தவை. புளோரிடாவில் உள்ளதன் முதற்கட்டம் சோதனைக்காகச் செய்தது. நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு ஹியூஸ்ரனே கூடுதல் மதிப்பு.

கேள்வி: அமெரிக்கா எங்களுக்கு எட்டாது. பலாலியில் ஏறினால் சென்னை. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகலாமா?
– மாணவர், பருத்தித்துறை

பதில்: தூரம் பிரச்சினை இல்லை. சென்னையிலிருந்து ரயிலில் சூலூர்ப்பேட்டை, அங்கிருந்து வீதியால் ஏவுதளம் இருக்கும் தீவு. ஏவுதல் பார்க்கும் அரங்கு 2019இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சிக்கல் பதிவில்தான்: இணையத்தில் முன்பதிவு செய்யவேண்டும், அது இந்திய அடையாள ஆவணங்களை வைத்து நடக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவர் எழுத்தில் அனுமதி கையில் வராமல் விமான ரிக்கெற் வாங்கவேண்டாம். சென்னையில் நின்றால் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு அரைநாள் ஒதுக்கலாம்.

ஆனால் தம்பி, நீங்கள் இருப்பது பருத்தித்துறையில். துருவச் சுற்றுப்பாதைக்கு, அதாவது வடக்குத் தெற்காகப் பூமியைச் சுற்றும் பாதைக்குப் போகும் இந்தியாவின் பிஎஸ்எல்வி ரொக்கெற் நேரே தெற்கே பறந்தால் இலங்கைக்கு மேலால் போகவேண்டும். அதைத் தவிர்க்க முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேல் போய்ப் பிறகுதான் தெற்கே திரும்புகிறது. இந்தத் திருப்பம் எரிபொருளைத் தின்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ரொக்கெற்றுகளுக்கு இரண்டாவது ஏவுதளம் கட்டுவதற்கு முக்கிய காரணம் இதுதான். 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.

ஸ்ரீஹரிகோட்டா உங்களுக்கு ஏறக்குறைய 430 கிலோமீற்றர் வடக்கே. பொழுதுபட்ட கையோடு அல்லது விடியப்புறம் பிஎஸ்எல்வி ஏவும் நாளில், வானம் வெளித்திருந்தால் கடற்கரைக்குப் போங்கள். ஏவி முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது, அது இன்னும் அடிவானத்துக்குக் கீழே. இரண்டாம் நிமிடம் கடந்தபின் வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக நகரும் ஒளிப்புள்ளியைத் தேடுங்கள். இருட்டில் நிற்கும் எங்களுக்கு மேலே அதன் புகை வெயில் பட்டு மினுங்கும். தெரு விளக்கு முகத்தில் அடிக்காத இடமாக நில்லுங்கள். தொலைநோக்கி வேண்டாம், வெறுங்கண்ணே நல்லது.