பல வருஷமா தூங்குற ஃபர்பிய எழுப்ப முடியுமா?

கேள்வி: சின்ன வயசுல வாங்கிக் குடுத்த ஃபர்பி பொம்மை, 1998-ல வந்த மாடல், ஆந்தை மாதிரி முகமும் பெரிய காதுமா இருக்குமே அதுதான், இத்தனை வருஷமா பரண்ல கிடந்துச்சு. இப்ப என் பொண்ணு கேக்குறா. புது பேட்டரி போட்டும் மூச்சே காட்டல. பேட்டரி போடுற இடத்துல வெள்ளையா என்னமோ பூத்திருக்கு. பிரிச்சுப் பாக்கலாமா, இல்ல தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க, கத்தரிக்கோலையும் இப்ப எடுக்காதீங்க. நீங்க சொல்ற அந்த வெள்ளைப் பூப்பு பழைய ஆல்கலைன் பேட்டரி கசிஞ்சு காஞ்சது, பெரும்பாலும் கோளாறு அங்கயேதான் இருக்கும், சிப்பு போயிருக்கும்னு இப்பவே பயப்பட வேணாம்.

கையுறை போட்டுக்கோங்க, கசிவு காரம், தோல்ல கண்ணுல பட்டா எரியும். காது குடையற பஞ்சுக்குச்சிய வெள்ளை வினிகர்ல நனைச்சு நல்லா பிழிஞ்சுட்டு தகடு ஸ்பிரிங் எல்லாம் தேய்ங்க, நுரைச்சுக்கிட்டு கரையும், நுரை நின்னதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சு நல்லா காய விடுங்க. வினிகர் உள்ள வழிஞ்சுடக் கூடாது, அதனாலதான் பிழியச் சொல்றேன். பச்சையா பிடிச்சிருந்தா மெல்லிசான உப்புத்தாளால லேசா உரசினா போதும், தகடு பளிச்சுன்னு தெரியணும்.

அப்புறம் நாலு டபுள்-ஏ பேட்டரியும் புதுசா, ஒரே வகையா, ஆல்கலைனா போடுங்க. ரீசார்ஜபிள் வேணாம், அது ஒண்ணுக்கு 1.2 வோல்ட்தான், நாலும் சேந்தா 4.8, இதுக்கு வேண்டியது 6. வோல்ட் அளக்குற மல்டிமீட்டர் இருந்தா ரெண்டு கடைசி முனையிலயும் வச்சுப் பாருங்க, சும்மா இருக்கும்போது 6 காட்டிட்டு பொம்மை அசைய முயற்சி பண்றப்ப சடார்னு இறங்குச்சுன்னா இன்னும் எங்கயோ தகடு சுத்தமாகல, இல்லன்னா தகட்டுக்குப் பின்னாடி இருக்குற ஒயர் அரிச்சுப் போயிருக்கு, அந்த ஒயர மாத்தி சால்டர் பண்ணணும்.

கரண்ட் சரியா வந்தும் முழிக்கலன்னா அடியில இருக்குற ரீசெட் பட்டன ஒரு தடவ அழுத்துங்க. அப்பவும் இல்லன்னா தலைகீழா கவுத்து நிமித்தி, கவுத்து நிமித்தி பாருங்க, உள்ள சாய்வு உணர்ற சுவிட்ச் ஒண்ணு இருக்கு, ரொம்ப நாள் ஒரே இடத்துல கிடந்தா சிக்கிக்கிட்டு தூக்கத்துலயே வச்சிருக்கும், நிறைய ஃபர்பி இதுலயே எழுந்துரும்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பா சொல்றேன், கண் இமையவோ வாயவோ கையால தள்ளித் திறக்காதீங்க. கண்ணு, காது, வாய், உடம்பு எல்லாத்தையும் ஒரே ஒரு மோட்டார்தான் பல்சக்கரம் வழியா ஆட்டுது, வெளிய இருந்து தள்ளினா உள்ள பல்லு உடையும். மோட்டார் ஓடுற சத்தம் மட்டும் கேட்டு ஒண்ணுமே அசையலன்னாதான் பிரிக்கணும், மோட்டார் தண்டுல இருக்குற குட்டி சக்கரம் விரிசல் விட்டு வழுக்கும், இல்லன்னா பழைய கிரீஸ் இறுகிப் போயிருக்கும். ரோமத்த அடியில ஒரு பிளாஸ்டிக் டை, அதாவது ஒயர் கட்டுற மாதிரி பட்டை, பிடிச்சிருக்கும், அத வெட்டினாலே போதும், ரோமத்துல கத்தரி படவே கூடாது. முகத்தச் சுத்தி கோந்து இருக்கும், அங்க அவசரமே படாதீங்க.

அது வரைக்கும் போக வேண்டி வந்தா, சத்தம் எப்படி வருது, எந்த நிலையில நிக்குதுன்னு போட்டோவோட எழுதுங்க, சக்கரம் மாத்துறத அடுத்த இதழ்ல விரிவா சொல்றேன்.