1950களில் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்குக் கறுப்பு எப்படிப் பூசினார்கள்?

பெயிண்ட் எல்லாம் ஓராசிரியர் பள்ளிக்கு எட்டாத சங்கதி. வெள்ளிக்கிழமை மத்தியானம் பையன்கள் வேலியோரம் போய் ஊமத்தை இலை பறித்து வருவோம். அடுப்புக்கரி வீட்டிலிருந்து வரும். இரண்டையும் கல்லில் வைத்து மைபோல அரைத்து, துணியில் தொட்டுப் பலகை முழுக்கத் தேய்ப்போம். இலைச்சாறு காயும்போது கரித்தூளைப் பலகையோடு பிடித்துக்கொள்ளும். அப்புறம் சாக்பீஸ் எழுத்து பளிச்சென்று தெரியும். ஊமத்தை விஷச் செடி, அரைத்த கையை வாயில் வைக்காதே என்று வாத்தியார் அதட்டிக்கொண்டே இருப்பார்.

சிலேட்டுக்குக் கோவை இலை. கசக்கித் தேய்த்தால் பலப்பத்தின் தடம்கூட இருக்காது. இலை கிடைக்காத நாளில் எச்சில்தான், வேறென்ன!

1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி, அது ஊர் ஊராகப் பரவிய பிறகு பள்ளியிலேயே அடுப்பு எரிந்தது. கரிக்குப் பஞ்சமில்லை.